இதழாசிரியரின் தெத்துப்பல்

பல் டாக்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், வாயைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கல்யாண ஆல்பத்தை நீட்டிப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டும் கட்டின பல் என்று உடனே சொல்வார்கள். மாப்பிள்ளை ஒல்லியா குண்டா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். கத்தரி மேடத்துக்கு இந்த ஜாதியைப் பற்றி நன்றாகவே தெரியும், அவரும் அதில் ஒருத்திதானே. தெரிந்தும் அவர்களிடமே போய் மாட்டிக்கொண்டார்.

மேடத்துக்கு இரண்டு நாற்காலி போட்ட கிளினிக் உண்டு. அதுபோக, பல் மருத்துவர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் இதழுக்கு அவர்தான் நெடுங்கால ஆசிரியர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பத்துப் பக்கம் அனுப்பியவருக்கு நாலு பக்கம்தான் திரும்பி வரும். 'இக்கட்டுரையின் நோக்கம் யாதெனில்' என்று ஆரம்பித்தால் அந்த வரி அங்கேயே காலி. அதனால்தான் கத்தரி. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வெட்டுவதைவிட ஒரு விஷயத்தில் அவர் இன்னும் கெடுபிடி. வாய்க்குள் படம் எடுக்கும்போது உள்ளே சின்னக் கண்ணாடியை வைத்து அதில் தெரிவதைத்தான் எடுப்பார்கள். கண்ணாடியில் இடது வலதாகும், வலது இடதாகும். திருப்பிப் போடாமல் அச்சிட்டுவிட்டால் இடப்பக்கச் சொத்தை வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பி யாராவது ஒரு நல்ல பல்லைப் பிடுங்கி வைத்தால் யார் பொறுப்பு? மேடம் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். அவர் காலத்தில் ஒரு படம்கூட இடம் வலம் மாறி வந்ததில்லை.

இப்படிப்பட்டவர் ஏன் பதவியை விட்டார் என்று கேட்டால், "போதும், வயசாச்சு" என்பார். அது வெளியே சொல்கிற காரணம். உண்மைக் காரணம் ஒரு தண்ணீர் கேன். சக டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் போனபோது, காத்திருப்பு அறையில் தண்ணீர் கேன் வைத்த ஸ்டாண்டு ஆடாமல் இருக்க, அதன் காலுக்கடியில் எதையோ அடுக்கியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் இதழ். ஒன்றல்ல, ஒரு கட்டு. தபாலில் வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்த டாக்டர் அசடு வழிந்துகொண்டே, "கனமான தாள் மேடம், நல்லா தாங்குது" என்றார். மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ராஜினாமா எழுதினார்.

சங்கத் தலைவர் செயற்கைப் பல் பொருத்துவதில் பெரிய ஆள். எலும்பில் திருகுகிற உலோகத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர்: டைட்டானியம். ராஜினாமாவைப் படித்துவிட்டு அவர் வருத்தப்பட்டார், ஆனால் ரொம்ப வருத்தப்படவில்லை.

"மேடம், உங்களுக்கு அப்புறம் யாரு? கேட்டுப் பார்த்தேன், எல்லாரும் ஓடறாங்க. அச்சுச் செலவு வேற. உண்மையைச் சொல்லணும்னா யாரும் படிக்கறதில்லை. உங்க கடைசி இதழோட நிறுத்திட்டு மாசம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிடலாம்னு கமிட்டியில நினைக்கறாங்க."

"செய்யுங்க" என்றார் மேடம். தண்ணீர் கேன் கண்ணுக்குள் நின்றது. பெற்ற பிள்ளையை யாரோ நோஞ்சான் என்று சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டு வருகிற மாதிரி இருந்தது அவருக்கு.

"கடைசி இதழ்ல உங்க படம் வரணும். நல்லா சிரிச்ச படம். பல் டாக்டர் பத்திரிகையில வாயை மூடிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மேடத்துக்குத் தெத்துப்பல். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல், வரிசையில் இடம் கிடைக்காத பயணிபோல முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பதுபோல், பல் டாக்டருக்கே தெத்துப்பல். கூடப் படித்த ஒருவர் பல்லுக்குக் கம்பி கட்டுகிற நிபுணர். படித்த காலத்திலிருந்து, "வா, இலவசமா நேராக்கித் தரேன்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். மேடம் மசியவில்லை. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் மேடத்தைக் கட்டிக்கொண்டதாக அவருடைய கணவர் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார். அப்புறம் எப்படி மனசு வரும்?

இதழைப் பக்கம் கட்டுகிற பெண்மணிக்கு மார்ஜின் என்று பெயர். ஓரத்தில் இவ்வளவு வெற்றிடம் விட்டே தீருவேன் என்று மேடத்திடம் மல்லுக்கு நிற்கிற ஒரே ஆள். அவர் தன் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"எது போடட்டும் மேடம்?"

மேடம் முதலாவதைப் பார்த்து முகம் சுளித்தார். "இது என்ன, வாய் கோணின மாதிரி. அது நல்லா இருக்கு. அதுதான் நான்."

"எனக்கும் அதுதான் வசதி. இந்தப் பக்கத்துக்கு முகம் உள்பக்கம் பார்க்கணும். வெளிப்பக்கம் பார்த்தா வாசகரும் எழுந்து வெளிய போயிடுவார்."

மார்ஜினைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. மேடம் விடைபெறும் தலையங்கத்தில் மூழ்கியிருந்தார். நாலு தடவை எழுதி நாலு தடவையும் தானே வெட்டினார். மற்றவர்கள் எழுத்தை வெட்டுவது சுலபம்.

மாதிரிப் பக்கம் வீட்டுக்கு வந்தபோது கணவர் அதை எடுத்துப் பார்த்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னமோ உங்க அக்கா மாதிரி இருக்கு."

"எனக்கு அக்காவே கிடையாதுங்க."

"அதான் சொல்றேன். இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாங்க. நீ இல்ல இது."

"உங்க கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு மேடம் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

இதழ் வெளிவந்தது. முதல் போன் கம்பி நிபுணரிடமிருந்து. குரலில் அவ்வளவு மனத்தாங்கல்.

"நீ எனக்கு இப்படிச் செய்யலாமா? இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். யார்கிட்ட போய்ப் பண்ணிக்கிட்ட?"

"என்ன பண்ணிக்கிட்டேன்?"

"பல்லை. இடது பக்கம் நேரா இருக்கு, சரி. செஞ்சவன் வலது பக்கத்தைக் கோணலாக்கி விட்டிருக்கானே. யாரு அந்தப் புண்ணியவான்?"

மேடம் போனைக் கையில் பிடித்தபடியே குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று பல்லைக் காட்டினார். இதழைப் பிரித்துக் கண்ணாடியை ஒட்டித் தன்னைப் பார்க்கும்படி பிடித்தார். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. அதைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. கண்ணாடியில் தெரிவதும் படத்தில் இருப்பதும் ஒன்றுபோல் இருந்தால் படம் தப்பு. மார்ஜின் முகத்தை உள்பக்கம் பார்க்க வைப்பதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார். திருப்பாத படத்தையும் பக்கத்திலேயே வைத்து, எது வேண்டும் என்று கேட்டும் இருக்கிறார். ஊரார் வாயில் இடது வலது பார்த்த மேடம், தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்த முகத்தையே தன் முகம் என்று சுட்டிக்காட்டிவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை வழுக்கி விழுவதைப் பார்க்கச் சங்கம் முழுவதும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கே போனில் செய்திகள் கொட்ட ஆரம்பித்தன. ஒருவர் வாழ்த்தினார், ஒருவர் துக்கம் விசாரித்தார். மேடம் வாய்மொழித் தேர்வு நடத்தப் போன காலத்தில் அவரிடம் நடுங்கிய பழைய மாணவி ஒருத்தி, 'அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன் மேடம், அது இடதுதான், சத்தியம் செய்வேன்' என்று எழுதியிருந்தாள். தண்ணீர் கேன்காரர்கூடப் படத்தைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார். ஆக, உறையைப் பிரித்திருக்கிறார்.

மேடத்துக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. கணவர் அவரைத் தேற்றுகிற அழகே தனி.

"பள்ளியில முதல் நாளே சொல்லித் தரேன். கண்ணாடியை மட்டும் நம்பினா வண்டி மோதும், தலையைத் திருப்பியும் பாருன்னு. வீட்டுல ஒருத்தி கேட்டாத்தானே."

"நீங்க அன்னைக்கே இடம் வலம் மாறியிருக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கு இடம் வலமெல்லாம் தெரியலம்மா. நீ இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது."

மேடத்துக்கு வெந்த புண்ணில் யாரோ வெண்ணெய் தடவிய மாதிரி இருந்தது.

மறுநாள் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் எங்கோ ஒரு சின்ன ஊரில், டயர் கடைக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பெண். மேடம் அவரைப் பார்த்ததில்லை, பேர் கேட்டதும் இல்லை.

'வணக்கம் மேடம். உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. படத்தில் உங்கள் வெள்ளைக் கோட்டின் மேல்பை வலது பக்கம் இருக்கிறது. கோட்டுக்கு மேல்பை இடது பக்கம்தான் வைப்பார்கள். ஆகவே உங்கள் தெத்துப்பல் இடது பக்கமாக இருக்க வேண்டும். அது இருக்கட்டும். இதே இதழில் ஞானப்பல் கட்டுரையில் நோயாளிக்கு வயது 51 என்று இருக்கிறது, அட்டவணையில் 15 என்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் பல் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் 51தான் சரி. அட்டவணையை மட்டும் பார்க்கிறவர்கள் அதில் உள்ள மாத்திரை அளவைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். இதழ் இத்துடன் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் திருத்தத்தை எங்கே போடுவீர்கள்?'

மேடம் இதழை எடுத்துப் பார்த்தார். அட்டவணையில் 15 பளிச்சென்று இருந்தது. தலையங்கத்தின் துக்கத்தில் அதையும் கோட்டை விட்டிருக்கிறார். மனசுக்குள் தன்னைத்தானே நாலு சாத்து சாத்திக்கொண்டார். பிறகு அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பப் படித்தார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அவருடைய பல் மாதிரியே.

கமிட்டிக் கூட்டம் சங்கத்தின் மாடி அறையில் நடந்தது. இதழை முறைப்படி நிறுத்துவதற்காகக் கூடிய கூட்டம். மேடம் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், எல்லோரும் வாயைப் பார்த்தார்கள். கம்பி நிபுணர் பக்கத்தில் வந்து சாய்ந்து பார்த்து, "அப்பாடா, இடதுதான்" என்று உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அப்போ எல்லாரும் பிரிச்சுப் பார்த்திருக்கீங்க" என்றார் மேடம்.

டைட்டானியம் இளகுகிற உலோகம் இல்லை. "படத்தைப் பார்த்தாங்க மேடம், ஒத்துக்கறேன். படிச்சாங்கன்னு யார் சொன்னது? தெத்துப்பல்லைப் பார்க்கறதுக்காக இத்தனை செலவு பண்ண முடியுமா?"

நியாயமான கேள்விதான். மேடம் போனை எடுத்து டயர் கடை மாடிப் பெண்ணின் செய்தியை முழுவதும் வாசித்தார். கோட்டுப் பை வந்த இடத்தில் சிரித்தார்கள். 51ம் 15ம் வந்தபோது சிரிப்பு நின்றது. ஞானப்பல் கட்டுரையை எழுதியவர் அந்த மேஜையிலேயே இருந்தார், அவசர அவசரமாகப் பக்கம் புரட்டினார்.

"முதல் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும்" என்றார் மேடம். "ஒவ்வொரு இதழ்லயும் இருக்கும். பிழைகள் அடுத்த இதழில் திருத்தப்படும். நான் எழுதின வரி. இப்போ பிழை இருக்கு. அடுத்த இதழ் எங்க?"

"மின்னஞ்சல்ல திருத்தம் அனுப்பிடலாமே."

"அச்சுல தப்புப் பண்ணிட்டு மின்னஞ்சல்ல திருத்தறது, ஊரைக் கூட்டித் திட்டிட்டுக் காதோட காதா மன்னிப்புக் கேக்கற மாதிரி. இதழ் அலமாரியில அப்படியே இருக்கும். அந்தப் பதினஞ்சும் அங்கேயே இருக்கும். என்னைக்கோ ஒருத்தர் எடுத்துப் பார்ப்பார்."

கட்டுரையாளர் தலையைத் தூக்கி, "எனக்குத் திருத்தம் அச்சுல வேணும்" என்றார். கம்பி நிபுணரும் விடவில்லை. "அந்தப் பல்லை இடது பக்கம் கொண்டுவராம நான் இந்த ரூமைவிட்டுப் போறதா இல்லை. வாழ்க்கையில அதுல கைவைக்க எனக்குக் கிடைச்ச ஒரே சந்தர்ப்பம்."

டைட்டானியம் நெற்றியைத் தேய்த்தார். "சரி, இதழ் வரும்னே வெச்சுக்குங்க. யார் கொண்டுவர்றது? மேடம், நீங்களே இருந்துடுங்களேன். ராஜினாமாவைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அறை முழுவதும் மேடத்தையே பார்த்தது. இதைத்தான் அவர் மனசு எதிர்பார்த்திருந்தது, பொய் சொல்வானேன். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மறுபடியும் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கட்டுரைகள், சிவப்புப் பேனா, மார்ஜினோடு சண்டை. ஆனால் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டியும், பழகிய முகத்தைத்தானே அவர் கண் தேர்ந்தெடுத்தது? இதழையும் அவர் கண் இனி அப்படித்தான் பார்க்கும். சொல்லை மென்று முழுங்கினார்.

"வேண்டாம். என் மூஞ்சியையே எனக்கு அடையாளம் தெரியலை. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காங்க" என்று சொல்லிப் போனைப் போட்டார், ஒலிபெருக்கியில் வைத்தார்.

மறுமுனையில் முதலில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வாயை மூடாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று நோயாளியிடம் சொல்லும் குரல். மேடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"நானா? மேடம், நான் ஒரு கட்டுரைகூட எழுதினதில்லையே."

"எழுதறதுக்கு நிறைய பேர் இருக்காங்கம்மா. படிக்கறதுக்குத்தான் ஆள் இல்லை."

"எனக்கு யாரையும் தெரியாது."

"ரொம்ப நல்லது. வெட்டும்போது கை நடுங்காது."

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க எழுதினதையும் வெட்டலாமா?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "வெட்டிப் பாருங்க" என்றார் கத்தரி.

டைட்டானியம் கணக்குப் போட்டு, கனத்த தாளுக்குப் பதில் சாதாரணத் தாள் என்றால் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். தாள் மெலிந்தால் தண்ணீர் கேனைத் தாங்காது என்று நினைத்துக்கொண்டு மேடம் உடனே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்.

திருத்தக் குறிப்பை எழுதித் தரும் பொறுப்பை மேடமே கேட்டு வாங்கிக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் பேனா நிற்கவில்லை. கண்ணாடியைப் பற்றி, பழகிப்போன கண்ணைப் பற்றி, உறை பிரிக்காத இதழ்களைப் பற்றி, ஒரு பக்கத்துக்கு உருக்கமாக எழுதினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

மாதிரிப் பக்கம்தான் வந்தது. ஒரு பக்கம் இரண்டு வரியாகியிருந்தது.

'கடந்த இதழின் ஞானப்பல் கட்டுரை அட்டவணையில் நோயாளியின் வயது 51 என்று இருக்க வேண்டும். அதே இதழில் முன்னாள் ஆசிரியரின் தெத்துப்பல் இடது பக்கம் இருக்க வேண்டும்.'

அவ்வளவுதான். மேடத்துக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாரே. சிவப்புப் பேனாவைத் திறந்து, வெட்டினதில் ஒரு வரியையாவது திரும்பச் சேர்க்க இடம் தேடினார். மறுபடி படித்தார். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள், பாவி.

குறிப்புக்குக் கீழே படம், இந்தத் தடவை திருப்பாமல். மார்ஜின் போனில் புலம்பினார்.

"முகம் பக்கத்துக்கு வெளிய பார்க்குதுன்னு சொன்னேன் மேடம். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? படத்தைத் திருப்பாதீங்க, பக்கத்தை மாத்துங்கன்னா. எடுத்து வலது பக்கத்துல வெச்சா அழகா உள்ள பார்க்குது. இது எனக்கு ஏன் தோணலை?"

"எனக்கும்தான் தோணலை" என்றார் மேடம்.

கணவர் கிளம்புகிற அவசரத்தில் வண்டிச் சாவியோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை மூக்குக் கண்ணாடியை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"ம், இதுதான் நீ."

"எனக்கென்னமோ கோணலாத்தான் தெரியுதுங்க."

"தெரியட்டும். பார்க்கறவங்க நாங்கதானே."

மேடம் மாதிரிப் பக்கத்தின் ஓரத்தில், மார்ஜின் பிடிவாதமாக விட்டிருந்த வெற்றிடத்தில், 'சரி' என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிக் கோட்டின் இடது பையில் செருகிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினார்.